வீரய்யாவின் மூன்று வாக்கியம்

துரை கேட்டது விளங்காவிட்டால் "ஆமாங்க" என்று சொல்ல வேண்டும். இலங்கையில், பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இதை யாரும் எழுதி ஒட்டி வைக்கவில்லை. ஆனாலும் மீறியவர் கிடையாது. "என்னாங்க சொன்னீங்க?" என்று திருப்பிக் கேட்டால், துரை முதலில் ஒழுங்காகச் சொல்லவில்லை என்று குற்றம் சாட்டியதாகிவிடும். அதனால், மழையில் கவாத்து வெட்டப் போகிறாயா? ஆமாங்க. நீ ஒரு மடையனா? ஆமாங்க தொரை.

இந்த மரியாதையால் நல்லையா ஒரு நாட்டையே தொலைத்தார். குடியுரிமை விசாரணையில், "இந்தியாவுக்குத் திரும்பிப் போகிற எண்ணம் உண்டுதானே?" என்று அதிகாரி இங்கிலீஷில் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் வெற்றிலையோடு சேர்த்து மென்றார். நல்லையா வழக்கம்போல "ஆமாங்க" என்றார். எழுதிக்கொண்டார்கள்.

நல்லையாவுக்கு அடுத்த வீடு வீரய்யாவுடையது. ஸ்பிரிங்வெளிக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில், மூன்றாம் நம்பர் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்து, அதே லயத்திலேயே குடியிருந்த கவாத்துக்காரர். இந்தியா எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் கைகாட்டத் தெரியாது. 1947இல் ஓட்டுப் போட்டவர். மறுவருஷம் நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. கூடவே ஒரு சட்டமும் வந்து, வீரய்யாவை நாட்டிலிருந்து கழித்துவிட்டது. நீ இந்த நாட்டுக்காரன்தான் என்று நிரூபிக்க ஒரு விண்ணப்பப் பாரம் கொடுத்தார்கள். 1951இல் நிரப்பிக் கொடுத்தார். நான்கு வருஷம் அதை யாரோ மிகக் கவனமாக வாசித்திருக்க வேண்டும். 1955இல்தான் விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது.

வீரய்யாவுக்கு ஓட்டுகூடப் பெரிதில்லை. மூத்த மகள் குணமணி எட்டாம் வகுப்புப் பாஸ் பண்ணியிருந்தாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் அட்டெண்டன் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்வி. அதற்கு அப்பனின் குடியுரிமைப் பத்திரம் வேண்டும். பத்திரம் வந்தால் வெள்ளைச் சேலை, வராவிட்டால் கொழுந்துக் கூடை. மூன்றாவது வழி கிடையாது.

"நல்லையா மாதிரி உளறிட்டு வந்தீங்க, லயத்துக்குள்ள கால் வைக்க விடமாட்டேன்" என்றாள் மனைவி ராசம்மா.

வீரய்யா தொழிற்சாலைக் கிளாக்கர் ஸ்ரீஸ்கந்தராஜாவிடம் போனார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். குடியுரிமைக்குப் பாரம் நிரப்ப வேண்டிய அவசியம் இல்லாதவர். அதனாலேயே அந்தப் பாரத்தைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்.

"விளங்கேல்லையெண்டால் தலையாட்டாதை. திருப்பிக் கேள். அதை இங்கிலீஷிலை கேட்டால் ஒருத்தனும் கோவிக்க மாட்டான்" என்றார் கிளாக்கர். "ரிப்பீட் எண்டு ஒரு சொல் இருக்கு. திரும்பச் சொல்லுறது. எங்கை, சொல்லு பாப்பம்: பிளீஸ் ரிப்பீட் த குவெஸ்டியன், சேர்."

"எகெய்ன்னு ஒண்ணு சொல்லுவாங்களே, அதயும் சேக்கணுங்களா?"

"சேர்க்காதை! ரிப்பீட்டுக்குப் பின்னாலை எகெய்ன் வராது. வெள்ளைக்காரன் சிரிப்பான்."

இரண்டாவது வாக்கியம்: டோன்ட் ரிப்பீட் திஸ் மிஸ்டேக். அது விசாரணைக்குத் தேவையில்லை. கிளாக்கர் அழகுக்காகச் சொல்லிக் கொடுத்தார். மூன்றாவதுதான் உயிர்: ஐ ரிப்பீட், ஐ வோஸ் போர்ன் ஹியர். திரும்பவும் சொல்றேன், நான் இங்கதான் பொறந்தேன். எந்த இடத்தில் குழப்பினாலும் இதைப் போட்டு அடி என்றார்.

ஒரு மாதம் லயத்தில் வேறு பேச்சில்லை.

"ஏங்க, தண்ணி எடுத்தாந்தீங்களா?"

"பிளீஸ் ரிப்பீட் த குவெஸ்டியன், சேர்."

"சேராம்ல! வாளியால ரெண்டு போட்டா தன்னால வெளங்கும்" என்பாள் ராசம்மா. குணமணி சிரித்துக்கொண்டே உச்சரிப்பைத் திருத்துவாள்.

விசாரணை நாளில் வீரய்யா கோட்டுப் போட்டிருந்தார். அறையில் அதிகாரி ஒருவரும், மொழிபெயர்ப்பாளர் சிதம்பரநாதனும். பெயர் கேட்டார்கள், சொன்னார். அடுத்த கேள்வியைச் சிதம்பரநாதன் மென்று துப்பினார். வீரய்யா நிமிர்ந்து, அதிகாரியைப் பார்த்து, பிசிறில்லாமல் சொன்னார்:

"பிளீஸ் ரிப்பீட் த குவெஸ்டியன், சேர்."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. காலையிலிருந்து கேட்ட முதல் நல்ல இங்கிலீஷ். சிதம்பரநாதனிடம், "இவருக்கு நீங்கள் வேண்டாம், போய்த் தேத்தண்ணி குடியுங்கள்" என்றார். பிறகு வீரய்யாவிடம் நேராக, அழகான இங்கிலீஷில் கேட்டார்: உமது நிரந்தர வீடு இந்தியாவில்தான், அப்படித்தானே?

வீரய்யா கதவைப் பார்த்தார். அது சாத்தியிருந்தது.

"பிளீஸ் ரிப்பீட் த குவெஸ்டியன், சேர்."

அதிகாரி அதையே மெதுவாகக் கேட்டார். வீரய்யா மறுபடியும் ரிப்பீட் சொன்னார். மூன்றாம் முறை அதிகாரி மேசையைத் தட்டிக் கேட்டார். இங்கிலீஷ் தெரிந்த ஒருவன் மூன்று தடவை நழுவுகிறான் என்றால் என்ன அர்த்தம்? தட்டிய சத்தத்தில், காலையில் ஆள் எண்ணி வேலைக்கு விரட்டும் பெரட்டுக்களம் வீரய்யாவுக்குள் விழித்துக்கொண்டது. நாற்பது வருஷத்துப் பழக்கம் ஓடிவந்து, வந்த இடத்துக்கு ஏற்றபடி இங்கிலீஷில் நின்றது.

"யெஸ் சேர்."

அதிகாரி எழுதினார். மூன்றாவது வாக்கியம் வீரய்யாவின் வாய்க்குள்ளேயே இருந்தது. பிறந்தது எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

வெளியே வந்தவர், அங்கே காத்திருந்த ராசம்மாவிடம் சந்தோஷமாகத்தான் சொன்னார்: "தொரை எங்கிட்ட நேராப் பேசுனாரு. எடையில ஆளே இல்ல." சாயங்காலம் கிளாக்கரிடம்: "மூணு தடவ சொன்னேங்க ஐயா. ஒரு எடத்துலயும் எகெய்ன் போடல."

ஏழு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அது 1956. சிங்களம் மட்டுமே என்ற சட்டத்தால் இங்கிலீஷுக்கே இந்த நாட்டில் குடியுரிமை போய்க்கொண்டிருந்த நேரம்; ஆனாலும் கடிதம் இங்கிலீஷில்தான் இருந்தது. கிளாக்கர் வாசித்துத் தமிழில் சொன்னார்: ஆங்கிலம் நன்கறிந்தவரான விண்ணப்பதாரர், கேள்வியைப் பலமுறை தவிர்க்க முயன்று, இறுதியில் தமது நிரந்தர வீடு இந்தியாவிலேயே என ஒப்புக்கொண்டார். விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

"நன்கறிந்தவராம்" என்றாள் ராசம்மா. வாளியை அவள் தூக்கவில்லை.

கிளாக்கர் நான்கு பக்கத்துக்கு மனு எழுதினார். பதில் நான்கு வரியில் வந்தது: முன்னர் தெரிவித்த முடிவையே வலியுறுத்துகிறோம். கிளாக்கர் "ரீஇட்டரேட்" என்று வாசித்த சொல்லில் விரலை வைத்து, "இதுவும் ரிப்பீட்தானுங்களா?" என்று வீரய்யா கேட்டார்.

"ஓம். அதேதான். இது பெரிய இடத்துச் சொல்" என்றார் கிளாக்கர். அன்றைக்குப் பிறகு அவர் தோட்டத்தில் யாருக்கும் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை, கொழுந்து பறிக்கிற வேலைக்குக் குணமணியின் பேரைப் பதிய அப்பனும் மகளும் வந்தார்கள். தோட்டத்துப் பதிவுப் புத்தகத்தைக் கிளாக்கரே விரித்தார். பெயர், வயது, அப்பன் பெயர் எல்லாம் கேட்காமலே எழுதினார். பேனா ஓரிடத்தில் நின்றது.

"பிறந்த இடம்?"

"இங்கதாங்க. மூணாம் நம்பர் லயம்" என்றார் வீரய்யா.

பத்திரம் கேட்கவில்லை. சாட்சி கேட்கவில்லை. மறுபடி சொல்லச் சொல்லவும் இல்லை. கிளாக்கர் தலை நிமிராமல் எழுதி முடித்தார். குணமணி கூடையை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டாள்.