பொக்கே பிடித்த கை

பொக்கே என்ற சொல்லை எனக்குப் பிடிக்காது. பிரெஞ்சில் அது முதலில் சிறு தோப்பைக் குறித்தது, பிறகு பூங்கொத்தை. ஆங்கிலத்துக்கு வந்தபின் மதுவின் மணத்துக்கும், பாராட்டுக்கும், கேபிள்காரர்கள் மொத்தமாகக் கட்டி விற்கும் சேனல்களுக்கும் அதே சொல். ஓசூரில் எங்கள் தொழிற்சாலை அதற்குக் கொடுத்திருக்கும் பொருள் நான் புரட்டிய எந்த அகராதியிலும் இல்லை. பொக்கே வந்தால் வேலை போகும்.

வெளியே அனுப்ப வேண்டியவரைக் கேன்டீனுக்கு அழைத்து, எல்லார் முன்னாலும் பொக்கே கொடுத்துப் போட்டோ எடுப்பார்கள். கையில் வாங்கியவர் விருப்ப ஓய்வு பெற்றதாக நோட்டீஸ் போர்டில் போட்டோ ஏறும். லேபர் ஆபீசில் முறையிட்டாலும் அதையே காட்டுவார்கள். அதனால் நாங்கள் பூவைக் கண்டாலே கையைப் பின்னால் கட்டிக்கொள்வோம்.

ஆயுத பூஜை விடுமுறைக்கு அடுத்த வேலைநாள், முதல் ஷிப்ட். என் பக்கத்து லேத்தில் நிற்கும் கெலமங்கலத்து நண்பரை அழைத்தார்கள். மெஷினுக்குப் பாதுகாப்புத் தடுப்பு வேண்டுமென்று மனு கொடுத்தவர். வீட்டில் அவர் சம்பளம் ஒன்றுதான்.

எச்.ஆர். அதிகாரி ரோஜாக்கொத்தை நீட்டினார். நண்பரின் கை பின்னால் போனது.

"ஒரு மரியாதைக்குத்தான் சார், பிடிங்க."

"ரோசா எனக்கு ஆவாதுங்க சார். தும்மல் வருது."

கேன்டீன் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற என் கையில் கொத்தைத் திணித்தார்.

"நீங்க ஃப்ரெண்டுதானே? நீங்க குடுத்தா வாங்கிக்குவார்."

நண்பர் என்னை நேராகப் பார்த்தார். "ஆமாம்பா, நீ குடுத்தா வாங்கிக்கிறேன். குடு பாக்கலாம்."

நான் நீட்டவில்லை. யார் போகிறவர் என்று போட்டோ எடுக்க வந்த ஸ்டுடியோக்காரரிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. பூவோடு நின்ற என்னைப் படம் எடுத்துவிட்டார். பின்வரிசையிலிருந்து ஒருவர் கன்னடத்தில் எனக்கு வாழ்த்துச் சொன்னார். நண்பர் மெஷினுக்குத் திரும்பினார்.

மாலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர் கேட்டார்: "பூவை என்ன பண்ண?"

"குப்பையில போட்டேன்."

"போட்டோவை?"

அவர் இன்றும் அதே லேத்தில்தான் நிற்கிறார். தடுப்பு இன்னும் வரவில்லை. நான் தினமும் உள்ளே நுழைந்ததும் முதலில் நோட்டீஸ் போர்டைப் பார்க்கிறேன். நேற்று அங்கே அதிகாரி நின்றிருந்தார்.

"உங்க போட்டோ நல்லா வந்திருக்கு சார்," என்றார். "பத்திரமா வெச்சிருக்கேன்."