யாரும் கொடுக்காத அட்டை

நான்காவது ஆளுக்கும் ஏழு அட்டை போட்டாயிற்று. கவிழ்த்த கிரீஸ் டப்பாவின் மேல் உட்கார்ந்திருந்தவர் எழுந்து, எதிரே இருக்கும் மரப்பெட்டிக்குப் போய் உட்கார்ந்து, அங்குள்ள ஏழையும் விரித்துப் பார்க்கிறார். ஒன்றை எடுத்து ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்கிறார். பதினான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியில் லிஃப்ட் மோட்டார் ஓடும் அறை. மதியச் சாப்பாட்டு நேரம். நான்கு பேர் ஆடவேண்டிய ஆட்டத்தை ஒருவரே சுற்றிச் சுற்றி வந்து ஆடுகிறார். அதில் வேடிக்கை என்னவென்றால், ஒரு கையில் பார்த்ததை மறு கைக்குச் சொல்லவே மாட்டார். “அவன்கிட்ட இருக்கிறது இவனுக்குத் தெரிஞ்சா அது கள்ளாட்டம் இல்லையா?” என்று காலியாக இருக்கும் மரப்பெட்டியைக் காட்டி நம்மிடமே நியாயம் கேட்பார்.

இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் மெக்கானிக். சர்ச் சபையில் எல்லாருக்கும் ‘லிஃப்ட்காரர்’. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும், எட்டுப் பேர் என்று எழுதிய தகட்டைப் படித்து உள்ளே நிற்கிறவர்களை எண்ணுவார். ஒன்பதாவது ஆள் யாராக இருந்தாலும் இறங்கவேண்டியதுதான். ஒருமுறை அது அவர் மனைவியாகப் போயிற்று. அந்த அம்மாள் ஐந்து மாடி ஏறி வந்து, அன்று முழுக்க அவரிடம் வாயே திறக்கவில்லை.

விளையாட்டிலும் அதே கறார்தான். மகள் ஐந்து வயதில் பாம்பும் ஏணியும் ஆடித் தோற்று அழுதபோது, “பாவம், ஒரு தடவை விட்டுக்குடுங்களேன்” என்று வீடே கெஞ்சியது. “விட்டுக்குடுத்தா அதுக்குப் பேரு விளையாட்டா?” என்று கேட்டுவிட்டுப் பகடையை உருட்டினார் மனிதர். மகளுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது, இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

இப்படிப்பட்டவர்தான் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்காக மூன்று வருடமாக ஓர் ஆட்டம் செய்துகொண்டிருக்கிறார். உதிரிப் பாகங்கள் வரும் பெட்டியின் அட்டையை வெட்டி, மூலையை மழுக்கி, காகிதம் ஒட்டி, மொத்தம் அறுபது. சீட்டு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். “சீட்டுன்னா சூதாட்டம். இது அட்டை!” என்று பாய்வார். ஒரே வேதக் கதையின் மூன்று அட்டைகள் சேர்ந்தால் கீழே இறக்கலாம். கையை முதலில் காலி செய்தவர் ஜெயித்தவர்.

கதையோடு நிறுத்தியிருந்தால் வம்பே இல்லை. உபதேசத்தையும் உள்ளே கொண்டுவந்தார். ‘வீழ்ச்சி’ அட்டை மூன்று வந்தால் ஆள் வெளியே. ‘கிருபை’ அட்டை ஒன்றே ஒன்று. கிடைத்தவர் அதை எந்தக் கதையோடும் சேர்த்து இறக்கிக்கொள்ளலாம். அல்லது வெளியே போனவருக்குக் கொடுக்கலாம். வாங்கியவர் ஏழு புது அட்டையோடு மறுபடி உள்ளே வருவார். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்று சொல்லும் ‘திரித்துவம்’ அட்டைகூட ஒன்று இருந்தது. கையில் அதை ஒன்றாக எண்ணுவதா மூன்றாக எண்ணுவதா என்று பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள். போதகரிடம் போனார்கள். அவர் இரண்டு வாரம் யோசித்துவிட்டு, “அந்த அட்டையை மட்டும் எடுத்துடுங்கண்ணே” என்றார்.

சபைச் செயலாளர் லிஃப்ட்காரரின் கூடப்பிறந்த அண்ணன். விடுமுறைப் பள்ளிக்கு நூறு கட்டு அச்சடிக்க அவர் தயார். ஆனால் உபதேச அட்டை ஒன்றுகூட இருக்கக் கூடாது. “கதை போதும்டா. உபதேசம் என்ன விளையாட்டுச் சாமானா?”

“வெறும் கதைன்னா சிங்கம், மீன், கழுதைன்னு மிருகக்காட்சி சாலை பார்த்த மாதிரி போயிடும்ணே. லிஃப்ட்ல ஏறுறவன் பெட்டியைத்தான் பார்க்கிறான். பெட்டி மேல போகும்போது பின்னாடி ஒரு எதிர் எடை இறங்குது. அதை யார் பார்த்தா? அது இல்லாம ஏறிடுமா?”

அண்ணன் போதகர் பக்கம் திரும்பினார். போதகர்தான், வயதில் சின்னவர், மெதுவாகக் கேட்டார்: “இத்தனை நாள் ஆடினீங்களே, யாராவது ஒருத்தர், ஒரே ஒரு தடவை, அந்தக் கிருபை அட்டையைக் குடுத்திருக்காங்களா?”

லிஃப்ட்காரருக்குப் பொய் வராது. இல்லை என்று தலையாட்டினார்.

“எல்லாரும் தனக்கே வெச்சுக்கிட்டா, கிருபைன்னா ஜெயிக்கிறதுக்கு ஒரு வழின்னுதானேண்ணே பிள்ளைங்க கத்துக்கும்?”

“பிள்ளைங்களை விடுங்க ஐயா,” என்றார் பக்கத்திலிருந்த மனைவி. “கிருபையைக் கையில வெச்சுக்கிட்டே எல்லாரையும் தோற்கடிக்கிற ஆளு இவருதான்.”

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. இவர் சிரிக்கவில்லை. அந்த வாரம் முழுக்க மோட்டார் அறையில் நான்கு கையும் ஆடிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து, தட்டில் போட்ட சாப்பாட்டைத் தொடாமல் மனைவியிடம் சொன்னார்: “நாலு பேரும் நானேதான். ஒருத்தன்கூடக் குடுக்க மாட்டேங்கிறான்.” சொல்லும்போதே அவருக்கு வெட்கமாக இருந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்து, பின்னறையில் நான்கு பேர் உட்கார்ந்தார்கள்: போதகர், அண்ணன், இவர், இவர் மனைவி. ஒரே ஆட்டம். யாராவது தானாக அந்த அட்டையைக் கொடுத்தால் உபதேசம் ஆட்டத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் பிரசங்கத்தோடு இருக்கட்டும். “ஆனா நீங்க குடுத்தா கணக்குல சேராதுண்ணே. உங்க ஆட்டம், உங்க அட்டை,” என்றார் போதகர். “அதுதான் நியாயம்,” என்று இவரும் ஒப்புக்கொண்டார்.

முதலில் விழுந்தது அண்ணன். மூன்றாவது வீழ்ச்சி வந்ததும் அட்டைகளைப் போட்டுவிட்டு, “விட்டது தொல்லை” என்று நாற்காலியைப் பின்னால் தள்ளிக் கைகட்டி உட்கார்ந்தார். கண் மட்டும் மேசையை விட்டு நகரவில்லை.

இரண்டு சுற்று கழித்து லிஃப்ட்காரர் கட்டிலிருந்து ஒன்றை எடுத்தார். கிருபை. போதகர் கைக்குப் போயிருக்கலாம், மனைவி கைக்குப் போயிருக்கலாம். பாழாய்ப்போனது இவர் கைக்கே வந்தது. மூன்று வருட உழைப்பு அத்தோடு முடிந்தது. மிச்சமிருந்தது ஆட்டம் ஒன்றுதான். அதுவும் இவருடையதே: கையில் மீன் கதை இரண்டு; கிருபையைச் சேர்த்து இறக்கினால் கை காலி. அந்த முகத்தை எத்தனையோ தடவை பார்த்த மனைவி, தன் அட்டைகளை மடக்க ஆரம்பித்தார். “முடிச்சிடுங்க, வீட்டுக்குப் போகலாம்.”

அவர் இறக்கவில்லை. கையிலிருந்த மூன்றையும் பார்த்தார். தள்ளி உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்தார். பிறகு கிருபை அட்டையை மேசை மேல் வைத்து, அண்ணன் பக்கமாக நகர்த்தினார்.

“டேய், இது கணக்குல சேராதுடா.”

“தெரியும்ணே.”

“நீ ஜெயிச்சிட்டியேடா, இறக்க வேண்டியதுதானே?”

“நாற்காலியை முன்னால போடுங்க,” என்றார் லிஃப்ட்காரர். மீதிக் கட்டை எடுத்து, எச்சில் தொட்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணி, அண்ணனுக்கு ஏழு அட்டை போட்டார்.