மயிலாப்பூர் அட்டையில் என் பெயர்: மானாமதுரையிலிருந்து ஒரு நாள் சென்னைப் பயணம்

பின்தங்கிய வட்டாரத்தில் அரசு ஷெட் எடுத்துத் தொழில் தொடங்கியிருக்கும் பெண்கள் சிலர், சென்னையில் காகித வேலைகளை ஒரே நாளில் முடித்துவிட்டுத் திரும்ப முடியுமா என்று எழுதிக் கேட்டிருந்தார்கள். முடியும். 1996 ஜூலையில் நான் முடித்திருக்கிறேன். இதில் வரும் கட்டணமெல்லாம் அன்றைய விலை. அதைக் காட்டி இன்றைய ஆட்டோக்காரரிடம் வாதாடி ஏதாவது வாங்கிக் கட்டிக்கொண்டால் நான் பொறுப்பில்லை.

முதலில் ஏன் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். அடையாறில் ஒரு வாடகை ஷெட்டில் சொட்டுநீர்ப் பாசனக் குழாய்க்கான முனைகள் செய்துகொண்டிருந்தேன். தொழில்கள் நகரத்திலேயே குவியக் கூடாது, வறண்ட மாவட்டங்களுக்குப் பரவ வேண்டும் என்பது அப்போதைய அரசுக் கொள்கை. சென்னைக்குள் எந்தச் சலுகையும் கிடையாது. மானாமதுரைப் பக்கம் போனால் குறைந்த வாடகையில் ஷெட், மின்சாரத்தில் சலுகை. நிபந்தனை இரண்டு. ஐந்து வருடம் அங்கேயே தொழில் நடக்க வேண்டும். உரிமையாளரும் அங்கேயே குடியிருக்க வேண்டும், அதற்குச் சாட்சியாக மூன்று வருடத்துக்குள் உள்ளூர் ரேஷன் கார்டு, இல்லாவிட்டால் அதற்கு மனு கொடுத்த நகலும் பழைய கார்டில் பெயர் நீக்கிய சான்றுமாவது காட்ட வேண்டும்.

உள்ளூரில் கார்டு வேண்டுமானால் மயிலாப்பூர் கார்டிலிருந்து என் பெயரை நீக்கிச் சான்று வாங்க வேண்டும். அதற்குக் குடும்பத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். குடும்பத் தலைவர் என் கணவர் சேதுராமன். நந்தனத்தில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர், வேலையை விட்டுவிட்டு என்னோடு வர வழியில்லை. அவர் மானாமதுரைக்கு வரும்போதெல்லாம் கேட்பேன். "குடுத்தாச்சு, இன்னும் வரலை" என்பார். மூன்று வருடக் கெடு முடியும் நாளில், சான்றை வாங்கி மாலை ஐந்து மணிக்குள் நந்தனத்தில் உள்ள தொழில் துறை அலுவலகத்தில் கொடுக்க நானே கிளம்பினேன். தவறினால் ஷெட் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். அந்த ஷெட்டில் பதினான்கு பெண்கள் வேலை செய்தார்கள்.

மானாமதுரையிலிருந்து எழும்பூர் ஐந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அப்போது மீட்டர்கேஜ் ரயில். காலை 6.40க்கு இறங்கினேன். வெளியே வந்ததும் ஒரு ஆட்டோக்காரர், "இன்னாம்மா, எங்க போவணும்?" என்றார். மயிலாப்பூர் என்றேன். அறுபது ரூபாய் என்றார். மீட்டர் போடச் சொன்னேன். "மீட்டரு வேலைக்கு ஆவாதும்மா. ரோடெல்லாம் நோண்டி வெச்சுக்கீறானுங்க, சுத்திகினுதான் போவணும்." நாற்பத்தைந்துக்கு முடிந்தது. தூரம் ஏழு கிலோமீட்டர். தோண்டிய ரோடு ஒன்றைக்கூட வழியில் பார்க்கவில்லை.

வீட்டில் காபி தயாராக இருந்தது. செருப்பைக் கழற்றியதுமே, "சான்று எங்கே?" என்று கேட்டேன். சேதுராமன் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார். அது குடிக்கவே முடியாத அளவுக்கு ஆறிய பிறகு, "மனு குடுக்கவே இல்லை" என்றார்.

"மூணு வருஷமாவா?"

"ஃபாரம் வாங்கிண்டு வந்தேன். உன் பேரை எழுதினேன். அப்புறம் காரணம்னு ஒரு கட்டம் இருந்தது. அதோட மூடி வெச்சுட்டேன்."

சமையலறை அலமாரியில் மூன்று பெரிய டின்கள் இருந்தன. திறந்தால் ரேஷன் சர்க்கரை. அவர் சர்க்கரையே போட்டுக்கொள்ளாத மனிதர். "இதெல்லாம் என்ன?" என்றேன். "உன் பங்கு. வாங்காம விட்டா நீ ஆத்துல இல்லைன்னு கடைக்காரன் எழுதிடுவான்னு பயம்." எனக்கு வந்த கோபத்துக்கு டின்னைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும். ஆனால் எதுவும் செய்யாமல் நாள் முழுவதும் அந்த அடுப்படியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் போல ஏக்கமாக இருந்தது. குளித்துவிட்டு, அவரை லீவு போடச் சொல்லி இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

குடும்ப அட்டை அலுவலகம் தி. நகரில், பனகல் பூங்காவிலிருந்து ஐந்து நிமிட நடை. மயிலாப்பூர் லஸ் முனையிலிருந்து பஸ்ஸில் நான்கு கிலோமீட்டர், இருபத்தைந்து நிமிடம். பத்தரைக்கு முன்னால் போய்விடுங்கள். நாங்கள் பத்து ஐம்பதுக்குப் போனோம், எங்களுக்கு முன்னால் முப்பது பேர். எங்கள் முறை வந்தபோது மணி பன்னிரண்டு. கவுண்டரில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் ஃபாரத்தைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"காரணம் எய்தலியே சார். செத்துட்டாங்களா, கண்ணாலம் ஆயிப் பூட்டாங்களா, ஊரு மாத்தலா?"

"இதோ பக்கத்துல நிக்கறாளே" என்றார் சேதுராமன், பதறிப்போய்.

"அப்ப ஊரு மாத்தல். திரும்பி வர மாட்டாங்களா?"

"வந்துடுவா. இன்னும் ரெண்டே வருஷம்."

"வர்றவங்க பேர இன்னாத்துக்கு சார் எடுக்கற? வுட்டுடேன்."

சேதுராமன் என்னைத் திரும்பிப் பார்த்தார். திருமணமாகிப் பதினொரு வருடத்தில் அப்படி ஒரு ஆசையோடு அவர் என்னைப் பார்த்ததில்லை. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீட்டுக்குப் போய்விடலாம். "எடுங்க" என்றேன். கவுண்டர்க்காரர் ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் என் பெயர் மேல் கோடு போட்டார். நேர்த்தியான கோடு, குறை சொல்ல முடியாது. பிறகு இன்னொரு ஃபாரத்தை எடுத்து, "திரும்பி வந்தா சேக்கறதுக்கு இது, வெச்சுக்க சார்" என்று நீட்டினார். சேதுராமன் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அதிகாரி சாப்பிட்டுவிட்டு வந்து கையெழுத்துப் போட்டுச் சான்று கைக்கு வர மூன்றேகால் ஆனது. அங்கிருந்து நந்தனம் இரண்டு கிலோமீட்டர், ஆட்டோ இருபது ரூபாய். தொழில் துறை அலுவலகத்தின் இரண்டாவது மாடியில் சுவர் நிறைய ஒரு தமிழ்நாட்டு வரைபடம். பின்தங்கிய வட்டாரங்களுக்கெல்லாம் ரோஸ் நிறம் பூசியிருந்தார்கள். சென்னைக்கு நிறமே இல்லை.

அங்கிருந்த அதிகாரி தன்மையான மனிதர். சான்றையும் நான் உள்ளூரில் கொடுத்திருந்த புது கார்டு மனுவின் நகலையும் பார்த்துக் கோப்பில் சேர்த்துவிட்டு, தொழில் எப்படிப் போகிறது என்று கேட்டார். எங்கள் பழக்கம் ஒன்றைச் சொன்னேன். வேலைக்கு வரும் பெண்கள் தங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரை ஆளுக்கொரு பாட்டிலில் கொண்டுவந்து சோதனைத் தொட்டியில் ஊற்றுவார்கள். பதினான்கு கிணற்று உப்பும் அதில் இருக்கும். முதல் மாதமே என் அடையாறு முனைகள் எல்லாம் அடைத்துக்கொண்டன. அதற்குப் பிறகுதான் கையால் திருகிக் கழற்றிக் கழுவக்கூடிய முனையைச் செய்தோம். இப்போது ராமநாதபுரம் வரை அதைத்தான் கேட்கிறார்கள். குறைந்த தண்ணீரில் மிளகாய் விளைகிறது.

"இதுக்குத்தான் மேடம் கொள்கையே. சென்னையில உட்கார்ந்திருந்தா இது உங்களுக்குத் தோணியிருக்குமா?" என்றார். தோன்றியிருக்காது. பெருமையாகத்தான் இருந்தது. அந்த வரைபடத்தோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. என் ஆள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பற்றி அதிகாரி கேட்கவில்லை, அவருடைய ஃபாரத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

4.20க்கு வேலை முடிந்துவிட்டது. பழைய ஷெட்டில் விட்டுப்போன, முனை வார்க்கும் இரும்பு அச்சு ஒன்றை எடுக்க அடையாறு போனோம், பஸ்ஸில் ஐந்து கிலோமீட்டர். அச்சு பதினொரு கிலோ, சேதுராமன்தான் தூக்கினார். ஷெட்டில் இப்போது அதன் சொந்தக்காரரின் ஸ்கூட்டர் நின்றது. "நீ இங்க மெஷின் ஓட்டிண்டிருந்தப்போ சாயங்காலம் வந்து உட்கார்ந்துப்பேன். நான் பேசறது எதுவும் உன் காதுல விழாது" என்றார் சேதுராமன். "என்ன பேசினீங்க?" என்று கேட்டேன். "இப்போ ஞாபகம் இல்லை" என்றார். கல்லூரிப் பாடத்தை வரி மாறாமல் சொல்லும் மனிதருக்கு இது மட்டும் ஞாபகமில்லையாம்.

எழும்பூருக்கு ஆட்டோ எழுபது ரூபாய், பத்து கிலோமீட்டர். ரயிலில் ஏறி அச்சைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, "சாப்டுட்டுப் படு" என்றார். ரயில் நகரும் வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இனி உங்களுக்கான தகவல். பெயர் நீக்கச் சான்றை ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். குடும்பத் தலைவரை நேரில் அழைத்துப் போங்கள், "கொடுத்தாச்சு" என்று சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை எந்த அலுவலகத்திலும் எதுவும் நடக்காது.

இன்னொன்றும் உண்டு, அது எந்த அரசாணையிலும் இல்லை. ஐந்து வருட நிபந்தனை 1998இல் முடிந்தது. அன்றே நான் திரும்பியிருக்கலாம், யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். அதற்குள் பதினான்கு பேர் முப்பது பேராகியிருந்தார்கள், இரண்டாவது ஷெட்டுக்கு மனு போட்டிருந்தேன். இன்னும் ஒரு வருடம், இன்னும் ஒரு வருடம் என்று அவர் ஓய்வு பெற்று மானாமதுரைக்கு வரும் வரை ஓடிவிட்டது. முதல் ஐந்து வருடம் எங்களைப் பிரித்து வைத்தது கொள்கை. மீதி ஒன்பது வருடத்துக்கு நான்தான் பொறுப்பு. வந்துவிடு என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வந்திருப்பேன். இதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.