மேல் தட்டில் இருந்த பால்

அங்கயற்கண்ணி அம்மையின் திருவடி இவ்வெழுத்துக்குக் காவலாகுக. ஆடிப்பூர நன்னாளாகிய இன்று சினத்தோடுதான் எழுத அமர்ந்திருக்கிறேன், அம்மை பொறுத்தருள்வாள்.

உள்ளங்கையில் அடங்கும் ஓர் எவர்சில்வர் டப்பா. மூடி நழுவாதிருக்கக் குறுக்கே ஒரு ரப்பர் வளையம். கே.கே. நகரில் நான் தலைமையாசிரியராக இருந்த தனியார் பள்ளியின் அலுவலக ஃபிரிட்ஜில், வாசல் பிள்ளையாரின் வெள்ளிக்கிழமை அபிஷேகத்துக்கு வாங்கி வைக்கும் பால் பாக்கெட்டுகளை ஒட்டி, மேல் தட்டில் அது பல மாதங்கள் இருந்தது.

அது எங்கள் விலங்கியல் ஆசிரியையுடையது. அலங்காநல்லூரிலிருந்து பேருந்தில் வருபவர்; பிள்ளை பெற்று நான்கு மாதம் முடியுமுன் விடுப்புத் தீர்ந்து வேலைக்குத் திரும்பியவர். மதிய இடைவேளையில் மற்றவர்கள் சாப்பாட்டைப் பிரிக்கும் நேரத்தில், அவர் ஆய்வகத்தின் பின்னறையைச் சாத்திக்கொண்டு கைப்பம்பு கொண்டு தாய்ப்பாலை எடுப்பார். மாலையில் அதைப் பனிக்கட்டி போட்ட பிளாஸ்கில் வைத்து வீட்டுக்கு எடுத்துச் செல்வார். மறுநாள் பகலில் குழந்தைக்கு அதுதான் உணவு. வீட்டிலேயே தையல் இயந்திரம் போட்டிருந்த கணவர், மூக்கு நீண்ட வெள்ளிப் பாலாடையால் அதைப் புகட்டுவார்.

ஆசிரியர் அறையில் இது பேச்சாயிற்று. "மார்ல போட்டுக் குடுத்தா மேனி கெட்டுப்போயிருமாம்ல. டப்பாவுல வர்றதெல்லாம் தாய்ப்பாலாக்கும்" என்றார் மூத்த ஆசிரியை ஒருவர். சிரிப்பு எழுந்தது. என் காதிலும் விழுந்தது. கேளாதவன் போல் நடந்தேன். ஒரு வியாழக்கிழமை அந்த மூத்த ஆசிரியையே என்னிடம் வந்து, சாமிக்கு வைக்கும் பாலுக்குப் பக்கத்தில் அதுவும் இருக்கலாமா என்று முறையிட்டார். மறுநாள் ஆடி வெள்ளி. இறைவணக்கக் கூட்டத்தில் பேசுவதற்காக நான் பழைய பாடல்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஏட்டிலிருந்து தலை நிமிராமலே, அந்த டப்பாவை அப்புறப்படுத்துமாறு ஆயாவிடம் சொன்னேன்.

ஆயா அதைச் சாக்கடையில் கொட்டவில்லை. தாய்ப்பால் மிதிபடக் கூடாது, மிதிபட்டால் பெற்றவளுக்குப் பால் வற்றிவிடும் என்பது அவர் வளர்ந்த வழக்கம். வேப்பமரத்தடியில் ஊற்றி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். "கால் படாத எடமாப் பாத்துத்தான்யா ஊத்துனேன்" என்று என்னிடம் நிறைவோடு சொன்னார். அதைக் குடிக்க ஒரு குழந்தை காத்திருக்கிறது என்பது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை, எந்த மாடு கறந்தது என்று ஒருவரும் அறியாத பாலைப் பாக்கெட் பாக்கெட்டாகக் கத்தரித்துக் கல்லின் மேல் ஊற்றினோம். பிறகு பேசினேன். குளக்கரையில் பசித்தழுத பிள்ளைக்கு அம்மை தன் பாலைப் பொற்கிண்ணத்தில் கறந்தளித்த கருணையைச் சொன்னேன். சொல்லும்போது என் குரல் தழுதழுத்தது. வரிசையில் நின்ற விலங்கியல் ஆசிரியை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தரை மணிக்கு வாசலில் ஓர் இருசக்கர வண்டி வந்து நின்றது. துணித் தூளியில் குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு கணவர் இறங்கினார். விடியற்காலையில் அவசரமாக எடுத்து வைத்துவிட்டு வந்த பால் தீர்ந்துவிட்டிருந்தது. குழந்தை வீறிட்டு அழ, திறந்த வாய்க்குள் கண்டேன்: மேலண்ணம் நடுவே பிளந்திருந்தது. அப்படிப் பிறந்த குழந்தையை எவ்வளவு நேரம் மார்பில் அணைத்தாலும் அதனால் உறிஞ்ச இயலாது. பல வாரங்கள் அந்தத் தாய் முயன்று முயன்று அழுதிருக்கிறார். தன் பிள்ளையின் வாய் பிறர் வாயில் விழக் கூடாது என்று எங்களிடம் அவர் சொல்லவே இல்லை.

வகுப்பிலிருந்து வந்த ஆசிரியை, பால் எடுக்க என் அறையைக் கேட்டார்; கொடுத்தேன். கதவைச் சாத்துமுன் குரல் உயர்த்தாமல் சொன்னார்:

"அம்மன் கறந்து கிண்ணத்துல குடுத்தா அருளு. நான் கறந்து டப்பாவுல வச்சா தீட்டா சார்?"

வெளியே நின்றேன். கணவர் தண்ணீருக்காகக் கதவைத் திறந்தபோது பார்த்தேன். என் நாற்காலியில் அமர்ந்து, ஆசிரியை குழந்தையை மடியில் நிமிர்த்திப் பிடித்திருந்தார். பாலாடையின் மூக்கு உதட்டோரம் சாய்ந்திருந்தது. நான்கைந்து துளி; பிறகு காத்திருத்தல்; நாசி வழியே மீண்டு வந்ததை முந்தானையால் ஒற்றுதல்; மறுபடி நான்கைந்து துளி. அந்த ஓர் ஊட்டல் முடிவதற்குள் பாடவேளை மணி இரண்டு முறை அடித்துவிட்டது.

மார்பணைத்து ஊட்டும் இன்பத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எடுத்து வைத்து ஊட்டுகிறவள் ஒரே வேலையை இரண்டு முறை செய்கிறாள், அந்த இன்பத்தையும் இழந்துகொண்டு. அவளை ஏளனம் செய்ய நாம் யார்? குழந்தையின் வாய் நன்றாகவே இருந்திருந்தால்தான் என்ன? பிள்ளையின் அண்ணத்தைத் திறந்து காட்டினால்தான் தாயின் பாலைப் பால் என்று ஒப்புவோமா? பாடலில் வரும் கிண்ணத்துக்கு உருகினேன். ஃபிரிட்ஜில் இருந்த கிண்ணத்தைக் கொட்டச் சொன்னேன். என் பக்தியை நினைத்து நான் கூசிய நாள் அது.

அன்று மாலை மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிப்ப வச்சு நான் என்ன சார் செய்ய? எனக்கு அந்த மேல் தட்டு வேணும்" என்றார்.

கொடுத்தேன். அபிஷேகப் பால் கீழ்த் தட்டுக்கு இறங்கியது. முறையிட்ட ஆசிரியையிடம், பிள்ளையாருக்கு வருத்தம் இருந்தால் என்னிடம் சொல்லட்டும் என்றேன். குழந்தைக்குப் பின்னர் அறுவைச் சிகிச்சை நடந்து அண்ணம் கூடியது. அதுவரை அந்த டப்பா ஒரு நாளும் இடம் மாறவில்லை.

நான் ஓய்வு பெற்று ஆண்டுகள் பல ஆயின. சென்ற வெள்ளியன்று பள்ளியில் பூஜைக்கு அழைத்திருந்தார்கள், போனேன். ‘பாலூட்டும் தாய்மார் அறை’ என்று பலகை மாட்டிய ஓர் அறையைக் கண்டு மனம் குளிர்ந்தது. கதவில் பூட்டு. சன்னல் வழியே எட்டிப் பார்த்தால் பந்தல் கம்புகளும் உடைந்த பெஞ்சுகளும். சாவி யாரிடம் என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. இப்போதைய ஆயா மெல்லச் சொன்னார்: "புதுசா வந்த கிளார்க் பொண்ணு பாத்ரூம்லதான்யா எடுக்குது. வைக்க எடம் ஏது? எடுத்து எடுத்துக் கொட்டிட்டு வருது."

அலுவலகத்துக்குள் போய் ஃபிரிட்ஜைத் திறந்தேன். மேல் தட்டு முழுக்க அபிஷேகப் பாக்கெட்டுகள். எவரையும் கேளாமல் ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தேன். அந்தத் தட்டு யாருக்கு என்பதை ஒரு தாளில் எழுதி ஒட்டினேன். நாளை மறுநாள் மறுபடி போய்த் திறந்து பார்ப்பேன்.

இதைப் படிக்கும் அனைவர் இல்லத்திலும் பிள்ளைகள் வயிறு நிறைக. அவர்களுக்கு எவ்வழியில் ஊட்டும் தாயும் பழிச்சொல் கேளாது வாழ, அம்மை அருள்க.