நான் எழுதாத நலம் விசாரிப்பு

பள்ளியில் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவன் நான். கூட்டத்தில் யாராவது பெயரைக் கேட்டாலே குரல் உள்ளே போய்விடும். இப்படிப்பட்டவன் எழுத உட்கார்ந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் எழுதாத ஒரு கடிதத்தைப் பற்றி நானே சொன்னால்தான் சரியாக இருக்கும்.

எங்கள் தோட்டத்தில் ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டபின், அங்கே வேலை செய்த குடும்பங்கள் எல்லாம் சிலிபின், ஜெலாப்பாங் என்று இடம் இடமாகப் பிரிந்துபோனோம். எல்லோருக்குமாக ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்திருந்தேன். அதற்கு ஒரு கடிதம் போட்டால், அந்த முகவரியை நடத்தும் இணையச் சேவை எல்லா வீட்டுக்கும் அனுப்பிவிடும். தோட்டத்தில் சாவு விழுந்தால் ஒருவர் லயத்து வரிசை வீடுகளின் வாசல்தோறும் நின்று சொல்லிக்கொண்டு போவார். நிஜமா என்று அவரை யாரும் கேட்டதில்லை. இந்த முகவரியையும் அப்படித்தான் நம்பினோம்.

ஒரு ஞாயிறு காலை. நான் இருக்கும் குனோங் ராபாட்டில் பனி இறங்கி, வீட்டுக்குப் பின்னால் மலையே இல்லாததுபோல் இருந்தது. போனைத் திறந்தால், என் பெயரில், என் முகவரியிலிருந்து எல்லோருக்கும் ஒரு கடிதம். ‘எப்படி இருக்கிறீர்கள்? அடிக்கடி உங்களை நினைக்கிறேன். இந்தப் படங்களைப் பாருங்கள்.’ கீழே நீல நிறத்தில் ஓர் இணைப்பு.

தூக்கத்தில் எழுதிவிட்டேனோ என்று நினைத்தேன். என் உருவத்தில் ஒருவன் வீடு வீடாகப் போய்க் கூச்சமில்லாமல் நலம் விசாரிப்பதுபோல் இருந்தது. அவன்மேல் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

என் அஞ்சல் பெட்டியைப் பார்த்தேன்; அங்கிருந்து அது போகவில்லை. எவனோ அனுப்புநர் இடத்தில் என் முகவரியை எழுதியிருக்கிறான். உறுப்பினர் கடிதம்தானே என்று சேவையும் அனுப்பிவிட்டது.

அதற்குள் போன் அடித்தது. லயத்தில் எங்களுக்கு அடுத்த வீட்டு அக்கா. அவர் கணவர் இறந்த செய்தியும் போன வருடம் இதே முகவரியில்தான் வந்தது. நான் போகவில்லை. நாளை, நாளை என்று பதினாறாம் நாளும் முடிந்தது. பிறகு போக வெட்கம்.

“தம்பி, ஒன் கடுதாசி வந்துச்சுலா! வாயத் தொறக்க ஒனக்கு ஒரு வருசமா?”

“அக்கா, கீழ நீலமா இருக்கே, அத அமுக்கிட்டீங்களா?”

“மக வரட்டும், பெரிசாப் போட்டுப் பாக்கலாம்னு வச்சிருக்கேன்.”

“அமுக்காதீங்கக்கா. நான் வாரேன்.”

“வா வா, தே தண்ணி கலக்கி வைக்கிறேன்.”

மற்றவர்கள் அமுக்கிவிடக்கூடாது. ‘அது நான் எழுதியதல்ல, தொடாதீர்கள்’ என்று எல்லோருக்கும் அனுப்பினேன். அக்காவுக்கும் அது போகும். அவர் படிப்பதற்குள் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று மோட்டார் சைக்கிளை எடுத்தேன். சாலையெல்லாம் பனி. எதிரே வந்தவர்கள் விளக்காக மட்டும் வந்து விளக்காகவே போனார்கள்.

சிலிபினில் அக்கா வாசலிலேயே நின்றார். கையில் போன்.

“அப்ப நீ எழுதல.”

“இல்லக்கா.”

“நெனைக்கவும் இல்லியா?”

“தெனமும் நெனைச்சேன்க்கா. வரத்தான் தெரியல.”

அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“திருட்டுப்பய, ஒன்னவிட நல்லாவே எழுதியிருக்கான்,” என்றார். “செருப்பக் கழட்டிட்டு உள்ள வா. தே ஆறுது.”

உள்ளே அக்காவின் கணவர் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள், நான் பார்த்து அனுமதித்தால்தான் எந்தக் கடிதமும் மற்றவர்களுக்குப் போகும்படி மாற்றினேன். நான் திறந்து பார்க்கத் தாமதமானதால், தங்கள் கடிதம் போய்ச் சேரவில்லை என்று இரண்டு பேர் குறைபட்டுக்கொண்டார்கள்.