பென்சில் குறி போட்ட இடம்

வைத்தீஸ்வரன் மத்திய சர்க்கார் ஆபீசில் ஆயுசு பூராவும் குப்பை கொட்டினார். கிளார்க் பென்சிலால் குறி போட்டுக் கொடுக்கும் இடத்தில் கையெழுத்துப் போடுவதுதான் அவர் பார்த்த உத்தியோகம். படித்துப் பார்க்கும் கெட்ட பழக்கமே கிடையாது. ரிடையர் ஆன அன்று சால்வை போர்த்தி, அப்பழுக்கற்ற சேவை என்று பேசினார்கள். கிழித்தார் என்று நினைத்துக்கொண்டாள் அவர் மனைவி நாகலக்ஷ்மி.

அந்தப் பழக்கம் அக்ஷய் தலையில் வந்து விடிந்தது. கல்கத்தா சால்ட் லேக்கில் இவர்களுக்குக் கீழ்வீட்டு மாதவியின் பிள்ளை அவன். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு, அங்கே வேலையை விட்டுத் துரத்தப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்களுக்காகக் கூட்டம் போட்டான். ஒரு மத்தியானம் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் என்று சொல்லிக்கொண்டு ஒரு போலீஸ் கும்பல் அவன் வீட்டுக்குள் நுழைந்தது.

வைத்தீஸ்வரன் மேலே தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாடியேறி வந்த ஆபீசர், "நீங்க கவர்மென்ட்ல இருந்தவர், சாட்சிக்கு ஒரு கையெழுத்து" என்று இந்தியில் கேட்டு ஒரு காகிதத்தை நீட்டினான். அதில் பென்சில் குறி இருந்தது. போதாதா? எழுந்து கையலம்பிக்கொண்டு போட்டார். மறுபடி உட்கார்ந்து மாவடுவைக் கடித்தார்.

"என்ன எழுதியிருக்குன்னு பார்த்தேளா?"

"கவர்மென்ட் பேப்பர்டி. தப்பாவா எழுதியிருப்பா?"

அக்ஷயின் கட்டிலுக்கடியிலிருந்து தடைசெய்யப்பட்ட இயக்கத்தின் நோட்டீஸ் கட்டைப் போலீஸ் எடுத்ததை இவர் கண்ணால் பார்த்தாராம். அப்படித்தான் எழுதியிருந்தது. அன்று உள்ளே போன பையன் வருஷக்கணக்காக உள்ளேயே கிடக்கிறான். அந்தச் சட்டத்தில் போலீஸ் சொல்வது மேலுக்கு நம்பும்படி இருந்தால் போதும், ஜாமீன் கிடையாது. நம்பும்படி இருந்ததே இந்த மகானுபாவரின் கையெழுத்துதான்! அங்கே இருந்த நம் தமிழ்க்காரர்கள் மட்டும் என்ன வாழ்ந்தது? நவராத்திரிக்கு மாதவியை ஒரு வீட்டிலும் கூப்பிடவில்லை. ஒரு பிடி சுண்டல் கொடுத்தால் தேசம் கவிழ்ந்துவிடும் பாருங்கள்.

கடைசியில் கேஸ் விசாரணைக்கு வந்தது. சாட்சி சொல்ல வைத்தீஸ்வரனுக்குச் சம்மன் வந்த அன்று மாதவி மேலே வந்து வாசலிலேயே நின்றாள்.

"மாமா, நீங்க அங்க இல்லேன்னு உள்ளதைச் சொல்லுங்கோ. அது போறும்."

"பார்க்கலாம்மா" என்றார்.

கோர்ட்டில் அக்ஷயின் வங்காளி வக்கீல் கேட்டார்: "நோட்டீஸ் கட்டைப் போலீஸ் எடுத்தபோது அந்த அறையில் இருந்தீர்களா?"

"கையெழுத்து என்னுடையதுதான்."

"அறையில் இருந்தீர்களா?"

வைத்தீஸ்வரன் சர்க்கார் வக்கீலை ஒரு தரம் பார்த்தார். "இருந்தேன். எல்லாம் பார்த்தேன்."

பின் பெஞ்சில் இருந்த நாகலக்ஷ்மிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பக்கத்தில் மாதவி, கூண்டில் நின்ற பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வராந்தாவில் வைத்தீஸ்வரன் குரலைத் தாழ்த்தினார். "பென்ஷன் இருக்கோன்னோ? நமக்கெதுக்கு வம்பு?"

"த்தூ! நீங்களும் ஒரு மனுஷனா?"

கோர்ட்டே திரும்பிப் பார்க்கட்டும் என்றுதான் கத்தினாள். நேரே அக்ஷயின் வக்கீலிடம் போனாள். என் புருஷன் அன்று மேலே எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், பரிமாறியது நான், கோர்ட்டில் வந்து சொல்கிறேன் என்று வங்காளத்திலேயே சொன்னாள்.

வக்கீல் தயங்கினார். "மாஷிமா, உங்கள் கணவர் பொய்ச்சாட்சி சொன்னதாக ஆகிவிடும். அவரையே உள்ளே போடலாம்."

"போடட்டும்."

அவள் சொன்னதை வக்கீலின் ஜூனியர் பெண் எழுதி, அடியில் பென்சிலால் ஒரு குறி போட்டு, பேனாவோடு நீட்டினாள். தூணோரம் நின்ற வைத்தீஸ்வரன், "லக்ஷ்மி, வேண்டாம்டி" என்றார்.

நாகலக்ஷ்மி பேனாவை மேஜைமேல் வைத்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.