குளிரில் கெட்டியான எண்ணெய்

கொடைக்கானலில் நான் நூலகராக இருந்த கல்லூரியில் ஓர் ஆராய்ச்சி மாணவி இருந்தார். ஒல்லியான உடம்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம். எப்போதும் ஸ்வெட்டருக்குள் ஒரு சின்ன எண்ணெய்ப் புட்டியை அணைத்து வைத்திருப்பார். காரணம் கேட்டேன்.

“குளிர்ல எண்ணெய் கெட்டியாயிருதுங்க சார். துளி ஒண்ணு பெருசா, ஒண்ணு சிறுசா வருது.”

கண்ணாடித் தகட்டில் வெட்டிய, தலைமுடி அகலமே உள்ள கால்வாயில் எண்ணெயையும் மருந்து கலந்த நீரையும் பம்பால் செலுத்தி, அந்த நீரை ஒரே அளவுத் துளிகளாகப் பிரிப்பதுதான் அவர் வேலை. துளி மாறினால் மருந்தின் அளவும் மாறிவிடும். மழைக்காலம் முழுக்க அது சரியாக வரவேயில்லை.

ஒரு மாலை என்னை ஆய்வகத்துக்குக் கூப்பிட்டார். மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தேன். துளிகள் எல்லாம் ஒரே அளவில், ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்துகொண்டிருந்தன.

“வந்துருச்சேம்மா,” என்றேன்.

“இன்னைக்கு வந்துருச்சுங்க சார். நாளைக்கும் இப்படியே வரணும்ல.” குரலில் சந்தோஷம் இல்லை.

மறுபடி குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது, அவர் மேசையில் தலைசாய்த்துத் தூங்கிப்போயிருந்தார். எழுப்ப மனம் வரவில்லை. பம்பை நிறுத்தவும் எனக்குத் தெரியாது. இத்தனை நாள் எதற்காக உழைத்தாரோ, அது நடந்துகொண்டிருக்கும்போது அவர் தூங்கினார். இருட்டும்வரை அவருக்குப் பதிலாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.